சாயக்காரர் கட்டிய கத்திரிப் பாத்தி

சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறதா என்று தினமும் வாசலுக்கு வந்து சரிபார்த்த பிறகுதான் எங்கள் சாயக்காரர் டீ குடிப்பார். போளூர் பஸ்ஸில் ஏறுமுன் டிரைவர், கண்டக்டர், ஜன்னலோரப் பயணி என்று மூன்று பேரிடம் விசாரிப்பார். போளூரில் இறங்கியதும், "இது போளூர்தானே?" என்று வெற்றிலைக் கடையில் கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் அவர் வீட்டுப் பின்கட்டில் நான் குடியிருந்தேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டிருந்தால், எதற்குக் கேட்கிறான் என்று ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார்.

அந்தக் கொல்லை முழுக்கக் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேட்டுப் பாத்தி கட்டினார். ஏரி மண்ணை நிரப்பி முள்ளுக் கத்திரி நட்டார். நாற்று நன்றாகத்தான் பிடித்தது. இரண்டு மழைக்குப் பிறகு இலையெல்லாம் மஞ்சளாகி, பாத்தியில் குட்டை மாதிரி தண்ணீர் நின்றது. கிளறினால் அழுகல் வாடை. பாத்தியை ஒட்டினாற்போல் எங்கள் குளியலறைச் சுவர்.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தினி சொம்பு ஊத்திக்கிறீங்க?" என்றார்.

"எண்ணலைங்க."

"எண்ணாதவன்தான் ஜாஸ்தி ஊத்துவான். உங்க தண்ணிதான் சுவத்துக்கு அடியில பூந்து வந்துகினு கீது. ஒண்ணாந்தேதி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள பாத்தி காயலைன்னா வேற வூடு பாத்துக்கோங்க."

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாதவள். ஆரணியிலோ ஓர் அறை காலியானால் அதில் தறியைப் போடுவார்களே தவிர, குடித்தனக்காரனை வைக்க மாட்டார்கள்.

மறுநாள் குளித்துவிட்டு ஆபீஸுக்குப் போனால், ஹெட் கிளார்க் என் காலையே பார்த்தார். "சாயப் பட்டறையில பார்ட் டைமா?" என்றார். குனிந்து பார்த்தேன். இரண்டு பாதமும் பளிச்சென்று ரோஸ். நான் நின்று குளிக்கும் இடத்தில், தண்ணீர் போகும் ஜலதாரையில், சாயக்காரர் ரகசியமாக ரோஸ் சாயத்தைக் கொட்டியிருக்கிறார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் கொல்லைக்கு ஓடினேன். வெள்ளைப் பட்டு நூலைக் குச்சியில் சுற்றி, பாத்திக்குள் செருகி வைத்திருந்தார். எங்கள் தண்ணீர் உள்ளே வந்தால் நூல் ரோஸாகிவிடும், நானும் மாட்டிக்கொள்வேன். தினமும் காலையில் அதை உருவி, வெளிச்சத்தில் பிடித்து இடது கண்ணால் பார்ப்பார். பிறகு இடது கண்ணை நம்பாமல் வலது கண்ணால் பார்ப்பார். நாலு நாள் இப்படிப் பார்த்தும் நூலில் இருந்தது சேறு மட்டும்தான்.

"நூலை மாத்திட்டீங்களா?"

"இல்லைங்க."

"முடிச்சு என் முடிச்சு மாதிரியே கீது. அதான் சந்தேகமா கீது."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்க தண்ணிக்குச் சாயம் போட்டீங்க. உங்க பாத்தித் தண்ணிக்கும் போட்டுப் பாருங்களேன் ஐயா. அது எங்க போவுதுன்னு தெரியும்ல" என்றாள்.

அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பச்சைச் சாயத்தைக் கரைத்துப் பாத்தியில் ஊற்றினார். மூன்று நாள் ஆயிற்று. பச்சை எங்கள் சுவருக்கும் வரவில்லை, பக்கத்துச் சந்துக் கால்வாய்க்கும் போகவில்லை. பாத்தியிலேயே பச்சைப்பசேலென்று நின்றது. கடப்பாரையால் ஒரு மூலையைத் தோண்டினார். ஏரி மண்ணுக்கு அடியில் கொல்லையின் களிமண், பானையின் அடிபோல வழவழவென்று இருந்தது. அதன்மேல் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. சுற்றிலும் சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருசமா சாயத்தொட்டிக்குப் பூசின கை, தம்பி. ஒரு சொட்டு ஒழுகக் கூடாதுன்னே பழகிடுச்சு. செடிக்கும் தொட்டி கட்டி வெச்சிட்டேன்."

வஞ்சம் தீர்ந்தது என்று சிரித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

தாழ்ந்த பக்கத்தில் அடிவரிசைச் செங்கல் நாலைப் பெயர்த்தோம். அடிக் களிமண்ணைக் கடப்பாரையால் குத்திப் பிளந்தோம். அங்கிருந்து சந்துக் கால்வாய் வரை சரிவாகப் பள்ளம் வெட்டி, உடைந்த செங்கல்லும் கூழாங்கல்லும் போட்டோம். மண்ணில் கொஞ்சம் ஆற்று மணல் கலக்கலாமே என்றேன்.

"களியும் மணலும் சேந்தா செங்கல்லு. உங்க எண்ணம் இன்னா?" என்று முறைத்துவிட்டு, மக்கிய சாணத்தையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலையும் கலந்தார். பிறகு நாலு குடம் தண்ணீர் ஊற்றி, சந்தில் போய்க் குந்திக்கொண்டார். அரை மணி நேரத்தில் பச்சைத் தண்ணீர் கால்வாயில் எட்டிப் பார்த்தது.

"போவுது" என்றார். விரலை விட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும், "போவுது" என்றார்.

ஒன்றாம் தேதி தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். "காலி பண்ணணுமாங்க?"

"நீங்க பூட்டா, மழையில தண்ணி நிக்குதான்னு யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னிப்பு என்று அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டிலேயே எங்களுக்குப் பெண் பிறந்தாள். முதல் அறுப்புக் கத்திரிக்காயை மடியில் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். குழந்தையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வரச் சொன்னார். எந்தக் கண்ணை மூடப் போகிறாரோ என்று பயந்துகொண்டே எடுத்து வந்தேன். இரண்டு கண்ணாலும் ஒருமுறைதான் பார்த்தார்.

"சரியாத்தான் கீது" என்றார்.

சூரியனையே தினமும் சரிபார்த்த மனிதர், என் மகளை இரண்டாம் முறை சரிபார்க்கவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.