மச்சான் ஏறாத விமானம்

ஒரு விமானம் கனமா, இலேசா என்பதைத் தராசு சொல்லிவிடும் என்று நம்புகிற அப்பாவிகள் நெப்ராஸ்காவில் எங்கள் விமானத் திடல் பக்கம் வந்ததே இல்லை. தராசு இன்றைய எடையைத்தான் பார்க்கும். விமான இலாகா பூர்வோத்தரத்தையே பார்க்கும்.

வில்மா ஸ்வோபோடாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவளுடைய இரண்டு இருக்கை விமானம் அவளைவிடக் கொஞ்சம் மூத்தது. எதிர்க்காற்று அடித்தால் கீழே போகிற டிராக்டர் அதை முந்திவிடும். டாக்டர் சான்றிதழைப் புதுப்பிக்காதவர்கள் ஓட்டுவதற்கென்றே ‘இலேசு ரகம்’ என்று இலாகா ஒரு வகுப்பு வைத்திருக்கிறது. கார் லைசென்ஸ் இருந்தால் போதும். வில்மாவுக்கு வானத்துக்குப் போக மிச்சமிருந்தது அந்த ஒரு வழிதான்.

பேசாமல் பறந்திருக்கலாம். நாங்களெல்லாம் அப்படித்தான் பறந்துகொண்டிருந்தோம். அவள் நாணயமான பிறவி, என் விமானம் இலேசு ரகம்தானே என்று இலாகாவைக் கேட்டுத் தொலைத்தாள். சனி பிடித்தது அங்கேதான்.

ஆய்வாளர் ஆஷ்கிராஃப்ட் வந்தார். மரியாதையான இளைஞர். எடை போட்டார், பழைய பதிவுகளைப் புரட்டினார், தொண்டையைக் கனைத்தார்.

“மேடம், உங்களுக்கு முன்னாடி இதை வச்சிருந்த பீட்டர்சன், எண்பது பவுண்டு கூடுதலா ஏத்திக்க அனுமதி வாங்கியிருக்கார்.”

“ஆமா, அவர் மச்சானுக்காக. மச்சான் வந்தார், விமானத்தைப் பார்த்தார், பஸ் ஏறிப் போயிட்டார். இதுல அவர் காலைக்கூட வைக்கல தம்பி!”

“வச்சாரா இல்லையாங்கிறது முக்கியம் இல்ல. வச்சிருக்கலாம்.”

“அந்த அனுமதியைத்தான் அப்பவே ரத்து பண்ணியாச்சே!”

“பண்ணியிருக்காங்க. ஆனா பிறந்ததுலேர்ந்து இடைவிடாம இலேசா இருந்திருக்கணும். இது நடுவுல கனமா இருக்கச் சம்மதிச்சிருக்கு.”

வில்மா இடுப்பில் கை வைத்தாள். “நான் கல்யாணத்தப்போ குண்டா இருந்தேன். இப்ப இளைச்சுட்டேன். நான் குண்டா, ஒல்லியா?”

ஆஷ்கிராஃப்ட் நிஜமாகவே யோசித்தார். “குண்டா இருக்கறதுக்கு எழுத்து மூலமா அனுமதி வாங்கினீங்களா?”

“இல்ல.”

“அப்போ ஒல்லி.”

பக்கத்துக் கொட்டகையில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் கிம்பலின் விமானம் பளபளத்தது. போன வருஷம் வாங்கியது. வில்மாவுடையதைப் போல இரண்டு மடங்கு வேகம், உள்ளே டெலிவிஷன் கடை மாதிரி திரைகள். விமானத்தின் நிறத்திலேயே அவருக்குத் தொப்பி, நாய்க்குச் சட்டை. அது இலேசு ரகம். நேற்றுப் பிறந்ததற்குப் பாவம் செய்ய ஏது நேரம்?

வில்மா இறக்கைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் சொன்னாள்: “நாப்பது வருஷமா இதுல பறக்கறேன் டெல்மர். இதை விட்டு இறங்கினா வீட்டு நாற்காலிதான்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாருக்கும்தான். மனு போடுவோம், இலாகாவை உலுக்கி எடுப்போம் என்று கத்தினோம். கிம்பலின் நாய்கூடக் குரைத்தது.

“தாராளமா போடுங்க,” என்றார் ஆஷ்கிராஃப்ட். “கையெழுத்துப் போடறவங்க அவங்கவங்க விமானப் பதிவுகளையும் கூடவே அனுப்பிடுங்க. ஒப்பிட்டுப் பார்க்க சௌகரியமா இருக்கும்.”

என் விமானத்தில் ஒரு காலத்தில் பெரிய எஞ்சின் ஒன்று யாரையும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் பழைய விமானங்கள் ஒவ்வொன்றிலும் அப்படி ஏதாவது உண்டு. ஒருவருக்கு அவசர வேலை வந்தது. எனக்கு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தது. என் வீட்டில் நான் அடுப்பைத் தொட்டதே கிடையாது.

வில்மா விமானத்தை விற்றாள். திடல் ஓரத்துப் பான்கேக் கடைக்காரர் வாங்கி, அழகுக்காகக் கூரையில் தொங்கவிட்டார்.

பிறகு இலாகாவுக்கு ஞானம் பிறந்தது. எடையைப் பார்த்ததே தப்பாம். மெதுவாகப் பறக்கத் தெரிந்தால் போதுமாம். எங்கள் எல்லார் எடைப் பாவமும் ஒரே நாளில் கழுவப்பட்டது. அதைக் கொண்டாடப் பான்கேக் கடைக்குப் பறந்தே போனோம், ஐந்து நிமிட நடைதான் என்றாலும். ஆஷ்கிராஃப்டும் வந்திருந்தார்.

வில்மா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி, இப்ப இது தேறுமா?”

“நல்லாத் தேறும் மேடம். மச்சான் கணக்கெல்லாம் இனிமே கிடையாது.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! “கடைக்காரர் திருப்பித் தரேன்னுட்டார். இன்னிக்கே இறக்கிடட்டுமா?”

ஆஷ்கிராஃப்ட் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “முதுகுல அது என்ன?”

“கொக்கி. தொங்கவிட வேணாமா?”

“அப்போ விமானத்துல மாற்றம் பண்ணியிருக்கு. பரவாயில்ல, சின்ன விஷயம். போட்டவர் முன்வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். கொக்கியைக் கழட்டிட்டு நீங்க பறக்கலாம். அவர் சொந்த விமானத்துல என்னென்ன வேலை பண்ணியிருக்கார்னு மட்டும் நாங்க ஒரு பார்வை பார்ப்போம்.”

கொக்கியைப் போட்டவன் நான். யாரையும் கேட்காமல் அந்தப் பெரிய எஞ்சினைப் போட்டவனும் நான்தான். நட்புக்காகக் கூலி வாங்காமல், நல்ல திடமாகவே போட்டிருந்தேன். வேலை நடந்தபோது ஏணியைப் பிடித்தவர் கிம்பல், முடிந்ததும் கைதட்டியவர்கள் மற்றவர்கள்.

வில்மா யார் பெயரையும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

தேன்பாகு ஜாடியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிக் கிம்பலைக் கேட்டேன்.