முள்மூங்கில் புதரில் என்மேல் இறங்கிய ஆத்தா

படித்தவள் சொன்னால் ஊர் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு விடாமல் தாவரவியலில் பட்டமும் வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குத் திரும்பியிருந்தேன். (பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.) அந்த வருடம் நைனா சாமை விதைக்காமல், நிலம் முழுக்கப் பைகளில் மூங்கில் நாற்று வளர்த்திருந்தார். அது கெட்டால் எங்களுக்கு வேறு விளைச்சல் கிடையாது.

நாற்றுக்கு மேல்புறம் பெரியப்பாவின் பழைய முள்மூங்கில் புதர். மழை விட்டதும் அதன் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மஞ்சளும் காவியுமாகப் பொடி. துரு நோய். ஒரு வகைப் பூஞ்சை. காற்றடித்தால் போதும், பொடி பறந்து கீழே நாற்றில் விழும். இளம் இலைகள் காய்ந்து உதிரும். நோய் பிடித்த கிளைகளை உடனே வெட்டிக் கொளுத்த வேண்டும்.

சொல்ல ஓடினேன். பெரியப்பா எனக்கு முன்பே பொடியைப் பார்த்துவிட்டு, புதருக்குச் சிவப்புத் துணி சுற்றி, ஊரைக் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். கிளைகளை வெட்டணும் என்றேன்.

“ஆத்தா எறங்கி மஞ்சள் பூசிக்கினு நிக்கிறா. வெட்டச் சொல்றியே, இன்னா பொண்ணு நீ?”

“அது மஞ்சள் இல்ல பெரிப்பா, நோவு. பூஞ்ச!”

“பூஞ்சயாம்! உங்க வூட்டுத் தொட்டில பாசி புடிச்சிக் கெடக்குது, மொதல்ல அத்தப் போய்த் தேய்!”

கூட்டம் சிரித்தது. நைனாவைப் பார்த்தேன். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத நைனா, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். (மேகமே இல்லை.)

வந்ததே ஆத்திரம்! “இன்னா பொடின்னு காட்டறேன்” என்று புதருக்குள் புகுந்து ஒரு கழியைப் பிடித்து உலுக்கினேன். மொத்தப் பொடியும் என் தலையில் கொட்டியது. வியர்வையில் முகம், கழுத்து, வெள்ளைச் சுடிதார் எல்லாம் அப்பிக்கொண்டது. திரும்பினால் முள் கொண்டையைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டது. மூக்கில் பொடி ஏறி, தும்மலும் வராமல் “ஹ்ஹூம்... ஹ்ஹூம்” என்று மூச்சு சீறியது. கோபத்தில் உடம்பு நடுங்க, தலைவிரிகோலமாக, மஞ்சள் முகத்தோடு கூட்டத்தின் முன் வந்து நின்றேன்.

பெரியப்பா கரண்டியைப் போட்டுவிட்டு என் காலில் விழுந்தார்.

“ஆத்தா! தப்பா பேசிட்டேன் ஆத்தா!”

“பெரிப்பா, எழுந்திருங்க! நான்...”

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் என் வாயை அடைத்தது. வேப்பிலையால் இரண்டு அடி. பம்பை முழங்கத் தொடங்கியது.

“நான் பி.எஸ்சி.! இது ஃபங்கஸ்!” என்று கத்தினேன்.

“ஆத்தா வேற பாஷ பேசறா” என்று ஓர் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் நைனா முன்னால் வந்தார். கைகூப்பி, முகத்தில் பயபக்தி வழிய.

“தாயே, இந்தக் கெளைங்கள இன்னா பண்றது? நீயே சொல்லு.”

பெற்றவருக்கு மகளின் கோபம் தெரியாதா? எல்லாம் தெரியும். பெரியப்பா எழுந்து கொடுவாளை எடுத்துக்கொண்டு, உத்தரவுக்காக என் வாயையே பார்த்தார். நான் ஆத்தா இல்லை என்று அழுத்திச் சொன்னால் அந்தக் கொடுவாளைக் கீழே போட்டுவிடுவார், நாற்று போகும். சொல்லாவிட்டால் என் மானம் போகும்.

“வெட்டு!” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. “கொளுத்து! இப்பவே!”

“நாத்துக்கு, ஆத்தா?” என்றார் நைனா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். “பையிங்கள தள்ளித் தள்ளி வெக்கணுமா?”

“தள்ளி வை! தண்ணிய எல மேல ஊத்தாத, வேர்ல ஊத்து!”

இவ்வளவு விவரமாக விவசாயம் பேசிய ஆத்தாவை எங்கள் மலை அதுவரை கண்டதில்லை.

பொழுது சாய்வதற்குள் கிளைகள் சாம்பலாயின. நாற்று பிழைத்தது. நான் நைனாவோடு பேசவில்லை.

“நீ சொன்னதத்தான செஞ்சாங்க? இன்னாத்துக்குக் கோவம்?” என்று கேட்டார்.

சொன்னது நான்தான். அவர்கள் கேட்டது அவள் பேச்சையல்லவா!

இப்போது ஆலங்காயத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் எந்தப் பயிரில் புள்ளி விழுந்தாலும் அம்மா ஃபோன் செய்வாள். போன வாரம் பெரியப்பா வீட்டுப் புளியமரத்துக்காகக் கூப்பிட்டாள். நாளைக்கு வர்றேன் என்றேன்.

“சும்மா வர்றியா, கோவமா வர்றியா?” என்று கேட்டாள் அம்மா. “கோவமா வர்றதுன்னா இப்பவே சொல்லு, பம்பக்காரனுக்குச் சொல்லி வுடணும்.”