மண் குடித்த கேன் தண்ணீர்

மண்ணில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது இறங்குவதைச் சினிமா பார்ப்பதுபோல் உட்கார்ந்து ரசித்த ஒரே மனுஷி, எங்கள் மாவட்டத்திலேயே ஊத்து டீச்சர்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் அறிவியல், நான் தமிழ். அவருடைய நிஜப் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்கே தெரியாது.

அவர் கைப்பையில் சீப்பு இருக்காது. அடி வெட்டிய பால்பவுடர் டின் இருக்கும். போகிற இடத்திலெல்லாம் அதைத் தரையில் அழுத்தி, தண்ணீர் ஊற்றி, பக்கத்திலேயே குத்தவைத்துவிடுவார். கல்யாண வீட்டு வாசலில்கூட, பட்டுச்சேலையோடு. எங்கள் மைதானமோ பிள்ளைகள் மிதித்து மிதித்துச் சிமெண்டாய் இறுகியது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியான மணி அடிக்கும்போதும் டின்னுக்குள் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

“நம்ம மண்ணுக்கு மூச்சு முட்டுது டீச்சர்” என்பார் என்னிடம், நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த நர்ஸ் மாதிரி.

ஒரு கோடையில் ஆசிரியர்கள் வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலைக்காட்டுக்குப் போனோம். ஓடை வறண்டு கிடந்தது. எலுமிச்சைச் சாதத்துக்குப் பச்சைமிளகாய்த் துவையல். முதல் கவளத்திலேயே தலைமையாசிரியருக்கு விக்கல்.

“தண்ணிக் கேன எங்கன வச்சிருக்கீக?”

கேன் ஒரு மரத்தடியில் காலியாய்ச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் டின்னும் ஊத்து டீச்சரும். அவர் முகமெல்லாம் வெளிச்சம்.

“மண்ணு குடிச்சிருச்சு சார்!”

“அம்புட்டுமா?”

“ஊத்த ஊத்த உள்ள போயிருது சார். மேல சருகு, கீழ மண்புழு ஓட்டை, வேரு போன வழி… எங்க பாத்தாலும் வாசலு. எப்பத்தான் போதும்னு சொல்லும்னு பாத்தேன்.”

“அது சொல்லாது, நான் சொல்றேன். இனிமே… விக்… உங்களக் கூட்டிட்டு… விக்… வந்தா…” அந்த வாக்கியம் முடியவே இல்லை. அதற்குள் கோடைமழை கொட்டத் தொடங்கியது.

சாதப் பாத்திரத்தைக் கழுவி மழையைப் பிடித்துக் குடித்தோம். விக்கல் நின்றது. அப்புறம்தான் கவனித்தோம். அத்தனை மழை விழுகிறது, தரையில் தண்ணீர் ஓடுகிற சத்தமே இல்லை. சேறில்லை, குட்டையில்லை. சருகு நனைந்து கறுத்தது, அவ்வளவுதான். காடு கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக்கட்டி, டீச்சர் பக்கத்தில் மெல்லக் குத்தவைத்தார்.

“இம்புட்டும் எங்க போகுது டீச்சர்?”

“கீழ உள்ள கிணத்துக்குத்தான் சார். மெதுவாப் போய்ச் சேரும்.”

திரும்பும்போது, மலையடி தாண்டியதும் மொட்டை வயல்களிலிருந்து கலங்கல் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னல் வழியே அதையே பார்த்துவந்து, அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஈரத் தலையில் சருகு வாசம். எனக்குக் கை மரத்துப்போனது. பள்ளி வாசலில் வேன் நின்றதும், இன்னொரு சுற்று சுற்றிவரச் சொல்லலாமா என்று டிரைவரைப் பார்த்தேன்.