நான் விலக்கிவைத்த சண்டை

வேலைக்காக நான் வாழ்நாளில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டியில் ஒரு கல்லூரியில், இரசாயன ஆசிரியர் வேலைக்கான நேர்முகத்தில் சொன்னது. ஹொக்கி ஆடியதுண்டா என்று அதிபர் கேட்டார். மதராசில் படித்தபோது நிறைய ஆடினேன் என்றேன். (மதராசில் நான் நிறையச் செய்தது இருமியது மட்டும்தான்.)

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். மாலையே என்னை ஹொக்கிப் பயிற்சிக் குழுவில் மூன்றாவது ஆளாக்கிவிட்டார்கள். முதல் ஆள் காசிம் மாஸ்டர். கேத்திரகணிதம் படிப்பிப்பவர், துருக்கித் தொப்பியும் தடித்த கண்ணாடியும் போட்ட குள்ளமான மனிதர். இரண்டாவது ஆள் யாழ்ப்பாணத்துச் செல்லத்துரை மாஸ்டர். பையன்களை அம்பிட்டிய மேட்டில் ஓடவிட்டு, தானும் கூடவே ஓடுகிறவர்.

அந்த வாரம் முழுக்க மழை. மைதானத்தில் கால் வைக்க முடியாததால் பயிற்சி என் ஆய்வுகூடத்தில் நடந்தது. காசிம் மாஸ்டர் மேசையில் இருபத்திரண்டு மைக்கூடுகளைப் பரப்பி நகர்த்திக் காட்டுவார். எந்தப் பையனையும் பெயர் சொல்லிக் கண்டிக்க மாட்டார், மைக்கூட்டைத்தான் கண்டிப்பார்.

"இந்த மைக்கூட்டப் பாருங்க. பக்கத்துல ஆள் இரிக்கி, ஆனா பந்தக் குடுக்க மனசு வருதில்ல."

உரிய பையன் தலையைக் குனிந்து சிரிப்பான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை மழை விட்டது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருடைய அணியுடன் ஆட்டம். பக்கத்துக்கு ஒரு நடுவர் என்பது வழக்கம். எங்கள் நடுவரான செல்லத்துரை மாஸ்டர் ஈரச் சரிவில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். காசிம் மாஸ்டருக்குத் தூரத்துப் பந்து தெரியாது.

"இந்தாங்கோ மாஸ்டர், விசில்," என்றார் செல்லத்துரை. "நீங்கள் மதராசில ஆடின ஆள்தானே."

ஊதினேன். நடுவில் எங்கள் தலைவனும் சிவந்த மீசை வைத்த ஒரு பெரிய துரையும் எதிரெதிராகக் குனிந்து, மட்டையால் தரையில் அடித்தார்கள். பிறகு மட்டையோடு மட்டையை மோதினார்கள். மறுபடியும் தரை, மறுபடியும் மோதல். ஆட்டத்தைத் தொடங்கும் முறையே அதுதானாம். மைக்கூடுகள் அப்படி மோதிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. சண்டை என்றே நினைத்தேன். பாய்ந்துபோய் இருவருக்கும் நடுவில் நின்று விசில் ஊதினேன். பெரியவர் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று துரையை ஆங்கிலத்தில் கண்டித்தேன்.

மைதானம் அமைதியாகிவிட்டது. வேலை போய்விட்டது என்று எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

காசிம் மாஸ்டர் நிதானமாக நடந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு இரும்பு வளையத்தை எடுத்தார். எந்த மட்டையும் அந்த வளையத்துக்குள் புகுந்து வர வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். நடுவர் மட்டைகளைப் பரிசோதிக்க விரும்புகிறார் என்று துரையிடம் பணிவாகச் சொன்னார். எங்கள் தலைவனின் மட்டை புகுந்தது. நாடா சுற்றிச் சுற்றித் தடித்துப்போன துரையின் மட்டை புகவில்லை. அவர் என்னை மரியாதையோடு பார்த்துவிட்டு, வேறு மட்டை எடுக்கப் போனார்.

அதன் பிறகு எனக்குத் துணிவு அதிகமாகிவிட்டது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்தபோது, கடைசி நிமிடத்தில் எங்கள் பையன் ஒருவன் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து நேராக உள்ளே போனது. கோல் என்று ஊதினேன். பையன்கள் துள்ளினார்கள். காசிம் மாஸ்டர் மறுபடியும் நடந்து வந்தார். பந்து போன வழியைச் செல்லத்துரை அவருக்குச் சொல்லியிருந்தார்.

"மாஸ்டர், அரைவட்டத்துக்கு வெளிய நிண்டு அடிச்சா கோல் இல்ல. அத நீங்கதான் சொல்லோணும்."

"நம்ம பக்கத்துக் கோல் தானே, சேர்."

"அதனாலதான் கெதியா, இப்பவே சொல்லோணும்."

சொன்னேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பையன்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காசிம் மாஸ்டர் ஒவ்வொருவன் தோளிலும் கை வைத்துவிட்டு வந்தார். எல்லோரும் போன பிறகு நான் மட்டையைத் தொட்டதே இல்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"திங்கக்கிழமையே தெரியும்," என்றார். "ஹொக்கி வெளையாடின ஒருத்தனும் நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டினதில்ல. நாளைக்கி அஞ்சரைக்கி வாங்க, மட்டை பிடிக்கக் காட்டித் தாறேன்."

அதிபரிடம் அவர் சொல்லவில்லை. செல்லத்துரையும் சொல்லவில்லை. பதினோரு வருடம் அந்த இருவரோடும் மைதானத்தில் நின்றேன்.

ஆனால் ஊருக்குள் கதை வேறு விதமாகப் பரவியது. ஒரு தமிழ் மாஸ்டர் வெள்ளைக்காரத் துரையை நடு மைதானத்தில் நிறுத்தி மட்டையை மாற்ற வைத்தாராம். கண்டி மார்க்கெட்டில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு தைரியசாலிக்குத்தான் மகளைக் கொடுப்பேன் என்று மஹய்யாவவில் என் அறையைத் தேடி வந்துவிட்டார்.

என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வாள்: "எங்கப்பா புலின்னு நெனச்சுத்தாங்க என்னைக் கட்டிக் குடுத்தாரு. இவரு சண்டைன்னு பயந்து ஓடிப்போய் வெலக்குன கதையை, மூணாவது புள்ள பொறந்த பெறகுதான் காசிம் மாஸ்டர் என்கிட்ட சொன்னாரு."