ரேகை சாரும் வடை அக்காவின் கையெழுத்தும்

சிங்கப்பூரில் என்னை மிக அதிகமாகக் கோபப்படுத்தியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு மூன்றும் ரேகை சாருக்கே போகும். ஆறுதல் பரிசை வேண்டுமானால் என் நாத்தனாருக்குக் கொடுக்கலாம். நான் அதிகம் பேசாதவள். கடையில் அழுகின தக்காளியைப் போட்டுக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே, இருபது வருஷத்துக்கு மேலாகியும், அவரை நினைத்தால் காது சூடாகிறது.

அறுபதுகளின் தொடக்கம். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சிராங்கூன் ரோடு வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருந்த ஒரு வங்கி, பரீட்சை எழுதிய மாணவர்களை எட்டு வாரத்துக்கு வேலை பழக எடுத்துக்கொள்ளும். என் பள்ளி ஆசிரியை என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்.

"எட்டு வாரம் போயிட்டு வா. நல்லா வேலை பாத்தாள்னு துரை கையால ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தா, அங்கேயே வேலைக்குப் போ. இல்லன்னா சிரம்பான் மாமா மகனுக்குக் கழுத்த நீட்டு."

சிரம்பான் மாமா மகன் நல்லவர்தான். ஆனால் அவர் ரசம் குடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும். அந்தக் கடிதம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வங்கிக்கு இரண்டு வாசல். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் முன் வாசலில் வருவார்கள். அங்கே மின்விசிறி, பெஞ்சு, பளபளக்கும் கவுண்டர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கக்கூஸ் பக்கத்துச் சந்து வாசலில் வந்து, நின்றுகொண்டே பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அந்தச் சந்து வாசலுக்கு ரேகை சார்தான் ராஜா. அவர் பெயர் என்னவென்று வெள்ளைக்காரத் துரைக்கே தெரியுமா என்பது சந்தேகம். என்னைக் கொண்டுபோய் அவரிடம் விட்டார்கள்.

முதல் நாள் என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"கைய மேசை மேல வை."

வைத்தேன். பொங்கலுக்கு இட்ட மருதாணி.

"என்னாம்மா இது? பேங்க்குக்கு மருதாணியோட வந்திருக்க! ரேகையே தெரியல!"

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்."

"கையெழுத்தா? அது பசியில ஒரு மாதிரி வரும், தின்னுட்டு ஒரு மாதிரி வரும். விரல் மாறாதுலா. போ, தேய்ச்சிட்டு வா."

தேங்காய் நாரும் சோப்பும் கொடுத்தார். பத்தொன்பது வயதுப் பெண், வேலையின் முதல் நாளில், கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருதாணி போகவில்லை. என் மானம்தான் போனது.

அந்த நாரும் சோப்பும் எல்லோருக்கும் உண்டு. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். அவர்கள் விரலைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, "இது விரலா, இஞ்சியா?" என்று கத்துவார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு அம்மாவோடு போனால் அங்கேயும் நிற்பார். மீன் வெட்டும் ஒருவரிடம் ஒருநாள் சண்டை.

"நாளைக்கு நீ பேங்க்குக்கு வரணும்ல? விரல அறுத்துக்கிட்டா என்னா பண்ணுவ? ஏன் மீன் வெட்டுற?"

"மீன் வெட்டலன்னா பேங்க்ல எனக்கு என்னாங்க வேலை?"

ரேகை சாருக்கு ஆள் அடையாளமே தெரியாது. கோயில் கூட்டத்தில் பத்து வருஷ வாடிக்கையாளர் வணக்கம் சொன்னால், கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அந்த ஆள் பெருவிரலை நீட்டிக் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். "அட, நீயா! வீட்ல எல்லாம் சௌக்கியமா?" பஸ்ஸில் ஒருமுறை இப்படி ஐந்தாறு பேர் வரிசையாக அவருக்குப் பெருவிரல் காட்ட, மலாய்க்காரக் கண்டக்டர் தன் பஸ்ஸைத்தான் பாராட்டுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டுவிட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வடை அக்கா வந்த நாளில் சிரிப்பு அறவே நின்றுபோனது.

வங்கிக்குப் பக்கத்துத் தெருமுனையில் வடை சுட்டு விற்கிற அக்கா அவர். எண்ணெய் தெறித்துப் பெருவிரலில் கொப்புளம். ரேகை சார் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கையைத் தள்ளினார்.

"ஒத்து வரல. ஆறின பிறகு வா."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. என் காசுய்யா அது!"

"காசு ஒன்னோடதுதான். விரல்தான் ஒன்னோடது மாதிரி இல்ல!"

"தெனம் வடை சுடுறவளுக்குக் கொப்புளம் எப்பய்யா ஆறும்?"

"அப்ப வடைய மகள சுடச் சொல்லு!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்து வழியே போனார். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு மனுஷி தன் பணத்தைக் கேட்க, கக்கூஸ் வாசலில் நின்று திட்டு வாங்க வேண்டுமா? இதையெல்லாம் மனதுக்குள்தான் கேட்டேன். வாய் வரவில்லை.

வாய்க்குப் பதிலாக என் கை வேலை செய்தது. மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சடி நடைபாதையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வடை கட்டும் காகிதத்தில் அவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். மூன்று வாரம். நன்றாகவே எழுதினார். வங்கி ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் கையெழுத்து மாதிரி அட்டை ஒன்றில் அவரைக் கையெழுத்துப் போட வைத்து, துணை மேனேஜர் துரை ஒப்பமிட வேண்டிய அட்டைகளுக்கு நடுவே சொருகிவிட்டேன். துரை பைப்பைக் கடித்துக்கொண்டே, பார்க்காமல் ஒப்பமிட்டார். பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

என் எட்டாவது வாரம் அக்கா வந்தார். சந்து வாசலில் இல்லை, முன் வாசலில். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. மின்விசிறிக்கு அடியில் நின்று, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் இருந்த சீனர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒத்து வரவில்லை.

நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, முழங்கால் மேல் காகிதம் வைத்து எழுதிப் பழகியவர் அவர். மாதிரி அட்டையையும் அப்படித்தான் எழுதினார். நின்றுகொண்டு, நாலு பேர் பார்க்க, பளிங்குக் கவுண்டரில் எழுதினால் வேறொருத்தி எழுத்தாக வந்தது. இரண்டாம் முறை போட்டார். மூன்றாம் முறை போட்டார். மூன்றும் மூன்று பொம்பளைகள் போட்டதுபோல் இருந்தன. பின்னால் யாரோ சிரித்தார்கள். துரை எழுந்து வந்தார்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகைக் கணக்கைக் கையெழுத்துக் கணக்காக மாற்றச் சொன்னது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. கடிதம் போச்சு, சிரம்பான் ரசச் சத்தம் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

"நான்தான் சார் மாற்றினேன்."

சந்துப் பக்கமிருந்து, இங்கிலீஷில், ரேகை சார்.

துரை கால் மணி நேரம் கத்தினார். அத்தனை பேர் முன்னால். ரேகை சார் தலை குனிந்து தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டியிருந்த தலைமைக் கிளார்க் பதவி அந்தக் கால் மணி நேரத்தில் போனது என்று பிறகு சொன்னார்கள். துரை போனதும், ஒன்றும் நடக்காததுபோல் அக்காவைத் தன் மேசைக்கு அழைத்து விரலைப் பார்த்தார். "கொப்புளம் ஆறிடுச்சு. வை." பழைய ரேகை ஒத்து வந்தது. அக்கா பணத்தோடு போனார்.

சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றேன். கோபத்தில் எனக்கே வாய் வந்துவிட்டது.

"ஏன் சார் பொய் சொன்னீங்க? செஞ்சது நான்!"

"யாரு பொய் சொன்னா? என் மேசையில நடந்தா அது நான் செஞ்சதுதான்."

"நான் போய் துரைகிட்ட உண்மையச் சொல்றேன்."

"இத்தன நாளும் ஊமையா இருந்த, இன்னும் ரெண்டு நாள் இரு. லெட்டர் வந்ததும் தூக்கிட்டு ஓடு. இங்க நின்ன, நானே கிழிச்சிப்புடுவேன்."

இரண்டாம் நாள் கடிதம் வந்தது. 'அமைதியானவர், சொன்னதை மட்டும் செய்பவர்' என்று துரை எழுதியிருந்தார். அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிக்காத மனிதரிடம் பட்ட கடனைப்போல் வேறு எதுவும் உறுத்தாது.

அதே வங்கியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நான் போனபோது சந்து வாசலில் ஒரு நீளப் பெஞ்சு போட்டிருந்தது. அதில் வடை அக்கா உட்கார்ந்திருந்தார். ரேகை சார் அவர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "நின்னு எழுது! நாளைக்குக் கவுண்டர்ல யாரு நாற்காலி போடுவா? இது கையெழுத்தா, கோலமா? நேத்து போட்ட மாதிரியே போடு!" அக்கா பதிலுக்குத் திட்டிக்கொண்டே எழுதினார். இரண்டு மாதம் கழித்து ரேகை சாரே புது அட்டையைத் துரையிடம் கொண்டுபோய், நின்று, பார்க்க வைத்து ஒப்பம் வாங்கினார்.

நான்கு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தோம். ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் எப்படியாவது நன்றி சொல்லிவிடுவது என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகினேன். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தார். எழுந்து நின்றேன்.

"சார், அன்னிக்கு நீங்க…"

"டைப்ரைட்டருக்கு உறை எங்க? தூசி அடையும்லா!"

பதறிப்போய் உறையைத் தேடி எடுத்து, போட்டு, நிமிர்ந்தேன். ஆள் இல்லை. செம்பவாங் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார் என்றார்கள்.

நன்றி சொல்ல ஒரு நிமிஷம்கூடக் கொடுக்காத மனிதர்மேல் கோபப்படாமல் என்ன செய்வது? இன்றைக்கும் கோபம்தான். செம்பவாங் பஸ்ஸில் ஏற நேர்ந்தால் மட்டும், குடையோடு கிழவர் யாராவது நிற்கிறாரா என்று கடைசி நிறுத்தம்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகிறேன்.