முறுக்குத் தட்டும் முதல் படமும்

கல்யாணமான முதல் மூன்று மாதங்களில் எந்த மாப்பிள்ளையும் மாமனார் வீட்டில் "எனக்குத் தெரியாது" என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று பொன்மலையில் ஒரு ஷோகேசுக்குள் நான் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு வேலை கம்ப்யூட்டர் கம்பெனியில்தான். ஆனால் ஆள் எடுக்கும் பிரிவு. வருகிறவர்களிடம் "உங்களுக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியுமா?" என்று கேட்பது என் தொழில். பெண் பார்க்கப் போன அன்று தரகர், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல புலிங்க" என்று அடித்துவிட்டபோது என் வாயில் காபி இருந்தது. அதனால் மறுக்க முடியவில்லை. (காபி தீர்ந்த பிறகும் மறுக்கவில்லை என்பதை என் மனைவி ஷீலா இன்றுவரை சுட்டிக்காட்டுகிறாள்.)

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் மாமனார் வீட்டுக்குப் போனோம். ரயில்வே குவார்ட்டர்ஸ். மாமா பணிமனையில் ஃபிட்டர். என் சட்டைப்பையில் கல்யாணப் படங்கள் நிறைந்த பென் டிரைவ். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களில் ஆல்பத்துக்கு இருநூறைப் பொறுக்கி, அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி, மாலை ஐந்து மணிக்குள் ஸ்ரீரங்கத்தில் ஸ்டுடியோக்காரரிடம் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஏகாதசிக் கூட்டம் ஆரம்பித்துவிடும், பொங்கல் முடிகிறவரை அவரைப் பிடிக்க முடியாது.

ஆல்பம் தாமதமானால் குடி முழுகிவிடாது. ஆனால் வையம்பட்டியிலிருந்து பெரிய மாமா வந்து உட்கார்ந்திருந்தார். மாமாவின் அண்ணன். கடலையும் சோளமும் போடுகிற விவசாயி, ரோஷக்காரர். ஷீலாவின் அக்கா கல்யாண ஆல்பத்தில் அவருடைய தோள் துண்டின் நுனி மட்டும் விழுந்திருந்தது. அதற்காக இரண்டு வருஷம் பொன்மலைப் பக்கமே வரவில்லை. இந்த முறை தன் படம் சேருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்ற முடிவோடு வந்திருந்தார்.

"மேடையில ஒங்க கையில வாட்ச் கட்டி விட்டேன்ல மாப்ள, அந்தப் படம். அது மட்டும் இருந்தாப் போதும்."

"அஞ்சு நிமிஷத்துல எடுத்துரலாம் பெரிய மாமா" என்றேன்.

அன்று மாமாவுக்கு ஒரு பரிசும் கொண்டுபோயிருந்தேன். லேப்டாப் பட்டன்கள் அவருடைய ஃபிட்டர் விரல்களுக்குப் போதவில்லை என்று ஷீலா சொல்லியிருந்ததால், வயர் இல்லாத கீபோர்டு ஒன்று. அதன் குட்டி ரிசீவரை லேப்டாப்பில் செருகி, மூன்றடி தள்ளி நின்று மாமாவின் பெயரைத் திரையில் பெரிதாக அடித்துக் காட்டினேன். வீடே வாயைப் பிளந்தது. அந்தப் புகழோடு கீபோர்டைச் சாப்பாட்டு மேஜையின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டு, இந்த முனையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

அத்தை வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பூப்போட்ட பாவாடை. புதுப் பொருளில் தூசி படலாமா? உடனே ஒரு தலையணை உறையை நான்காக மடித்துக் கீபோர்டின் மேல் போர்த்தினார். பிறகு கிறிஸ்மஸுக்குச் சுட்ட முறுக்கை ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் குவித்துக்கொண்டு வந்து, பெரிய மாமாவின் கைக்கு எட்டும்படி வைத்தார். பாதித் தட்டு மேஜையில், பாதித் தட்டு தலையணை உறையின் மேல். (உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். நீங்கள் அந்த வீட்டு மாப்பிள்ளை இல்லை.)

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். "நீங்க நம்பரச் சொல்லுங்க மாப்ள, நான் எழுதிக்கிறேன்." திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலை குனிந்தபடி இருந்தது.

ஃபோல்டரைத் திறந்தேன். இடப்பக்கம் படங்களின் பட்டியல், வலப்பக்கம் தேர்ந்தெடுத்த படம் பெரிதாக. முதல் படம், எண் ஒன்று, கல்யாணத்துக்கு முன்பு முக்கொம்பில் எடுத்தது. கூலிங் கிளாஸ் போட்டு, தொப்பையை உள்ளே இழுத்து, மதகைப் பார்த்தபடி நான் ஒயிலாக நிற்க வேண்டிய படம். போட்டோகிராபர் கேமராவைச் சோதிக்கிறார் என்று தெரியாமல் மூச்சை விட்டுவிட்டேன். தொப்பை வெளியே வந்துவிட்டது. ஒரு கை பேண்ட்டைத் தூக்குகிறது. வாய் முழுக் கொட்டாவியில். பின்னால் ஷீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

அதை அவசரமாகத் தாண்டிக் கீழே போனேன். நாற்பதாவது படம், எண்பது, நூற்றிருபது. இரண்டு நல்ல படங்களுக்கு எண் சொன்னேன். பெரிய மாமா ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தார். பட்டியல் சட்டென்று மேலே பாய்ந்தது. திரை நிறைய என் தொப்பை.

"யாரு மாப்ள இது?" என்றார் பெரிய மாமா.

"சும்மா ஒரு டெஸ்ட் படம்" என்று மறுபடி கீழே இறங்கினேன். கோயில் காட்சி வந்தது. மோதிரம் மாற்றும் படம் வருகிற நேரத்தில் அவருக்கு அடுத்த முறுக்கு. மறுபடி கொட்டாவி.

"ஒண்ணு! மறுபடியும் ஒண்ணு!" என்று கத்தினேன்.

மாமா தலையாட்டினார்.

"மவுஸ் சக்கரத்தில் தூசி" என்று அறிவித்துவிட்டு அதைத் துடைத்தேன். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது (பெரிய மாமா வையம்பட்டி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்). பெருமையாக ஷீலாவைப் பார்த்தேன். மழைப் பேச்சு முடிந்தது, முறுக்கு தொடர்ந்தது, பட்டியல் பாய்ந்தது. மவுஸைக் கழற்றினேன். டச்பேடை அணைத்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பென் டிரைவை மாற்றிச் செருகினேன். ஒவ்வொரு வைத்தியமும் அடுத்த முறுக்குவரை பலித்தது. நடுநடுவே கிடைத்த இடைவெளிகளில் எண்களும் சொன்னேன். எகிறும்போதெல்லாம் "ஐயோ, ஒண்ணு!" என்ற கூக்குரலும் போனது.

ஷீலா ஒரு யோசனை சொன்னாள். "பட்டியலத் தலைகீழாப் போடுங்களேன். கடைசிப் படம் மேல வந்துரும்ல? பெரியப்பா படம் கடைசிலதான இருக்கு."

அருமையான யோசனை. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "அது தற்காலிகத் தீர்வு. நான் மூலகாரணத்தைத் தேடுறேன்" என்றேன். (இந்த வாக்கியத்தை ஆபீசில் யாரோ பேசக் கேட்டிருக்கிறேன்.)

மணி நாலேகால். வாட்ச் படம் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். நான் ஒரே ஒரு முறைதான் ஆயிரத்து நானூறைத் தொட்டிருந்தேன். அத்தை சமையலறையிலிருந்து, "அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன் மாப்ள, காணாததக் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு" என்றார். போட்டியில் அந்தோணியார் என்னை முந்திவிடுவார் என்று எனக்கே தோன்றியது.

"விடுங்க தம்பி" என்றார் பெரிய மாமா மெதுவாக. "நமக்கு ஆல்பம் ராசி இல்ல."

மாப்பிள்ளை போய்த் தம்பியாகிவிட்டேன். உண்மையிலேயே எனக்கு அழுகை வந்தது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துக்கத்தில் அவர் கடைசி முறுக்கையும் எடுத்துவிட்டார். காலித் தட்டைக் கழுவப் போட ஷீலா தூக்கினாள். உறையின் மேல் சிந்தியிருந்த தூளைக் கையால் தட்டினாள். திரையில் பட்டியல் துள்ளியது. அவள் நின்றாள். திரையைப் பார்த்தாள். மறுபடி ஒரு விரலால் அந்த இடத்தையே அழுத்தினாள். திரையில் தொப்பை.

"என்னங்க," என்றாள், "உங்க மூலகாரணம் இங்க இருக்கு."

தலையணை உறையை விலக்கினாள். கீழே, பட்டியலின் உச்சிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துகிற பட்டன். பெரிய மாமா முறுக்கு எடுக்கும்போதெல்லாம் தட்டு அழுந்தியது அதன் மேல்தான்.

"நான் அப்பவே நெனச்சேன், ஹார்டுவேர் பிரச்சினைன்னு" என்றேன்.

அடுத்த இருபது நிமிஷம் ஷீலா லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு எண்களைப் பொழிந்தாள், மாமா எழுதித் தள்ளினார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு. பட்டு வேட்டி, மடித்த துண்டு, என் மணிக்கட்டில் வாட்ச். பெரிய மாமா திரைக்கு அருகே வந்து, தன் தலையிலிருந்து கால்வரை சரிபார்த்தார். "முழுசா இருக்கேன்" என்றார். மாப்பிள்ளைப் பதவி திரும்பக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், காவிரிப் பாலத்தில் பறந்து ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஸ்டுடியோவில் கொடுத்தேன்.

பொங்கல் கழித்து ஆல்பம் பொன்மலைக்கு வந்தது. உறவுகள் எல்லாம் கூடியிருக்க, மாமா கவரைப் பிரித்தார். அட்டை முழுக்கத் தங்க நிற வளைவு. வளைவின் நடுவே நான், கொட்டாவியோடு, பேண்ட்டைத் தூக்கியபடி. கீழே இதயங்களுக்கு நடுவில் எங்கள் பெயர்கள்.

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். "சார், லிஸ்ட்ல அந்த நம்பர் பதினோரு தடவ இருந்துச்சு. அவ்வளவு ஆசப்பட்டுக் கேக்குறாங்களேன்னு அட்டையிலயே போட்டுட்டோம்" என்றார் அவர்.

மாமாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க, நான் எழுதுனேன். ஒர்க்‌ஷாப்புல சொன்ன அளவத் திருப்பிக் கேக்குற பழக்கம் இல்ல மாப்ள."

அந்த வீட்டில் இன்றும் மோட்டார் நின்றாலும் டிவி மங்கினாலும், "மொதல்ல முறுக்குத் தட்ட எடுத்தாச்சான்னு மாப்ளகிட்ட கேளு" என்கிறார்கள். அத்தை ஆல்பத்துக்கும் உறை தைத்துவிட்டார். துணி உறை போட்டிருந்தாலாவது தப்பித்திருப்பேன். அட்டை தெரியட்டும் என்று பிளாஸ்டிக்கில் தைத்தார்.

பெரிய மாமாவின் படம் உள்ளே ஒரு முழுப் பக்கம். அவருக்குத் திருப்தி என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வருஷம் மச்சினன் கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிய அன்று, காலை முதல் பஸ்ஸிலேயே வையம்பட்டியிலிருந்து வந்து, நோட்டைத் தானே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தன் படத்தின் எண்ணைப் பன்னிரண்டு தடவை எழுதினார்.

ஷோகேசில் இப்போது இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் நான். மற்றதில் பட்டு வேட்டியோடு பெரிய மாமா, தனியாக. பொண்ணு மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார்கள்.