கிளாரன்ஸ் லோரியை நிறுத்தப் போனார்

இனி மனைவியைத் தனியாகச் சாலை கடக்க விடுவதில்லை. மலேசியாவின் கிள்ளானில் ஒரு திங்கட்கிழமை காலை, பணி ஓய்வுபெற்ற கிளாரன்ஸ் எடுத்த முடிவு இது. முந்தின நாள் மனைவி மகதலேனா பாசாரிலிருந்து, அதாவது சந்தையிலிருந்து, திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள் உரசிவிட்டுப் போயிருந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு டஜன் முட்டைதான் தார் ரோட்டுக்குப் போயிற்று.

"முட்டை போனா வாங்கிக்கலாம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இனிமே தினமும் நானே கூட வரேன்" என்றார்.

மகதலேனா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அப்போதே கிளாரன்ஸ் உஷாராகியிருக்க வேண்டும். முப்பது வருஷக் குடும்ப அனுபவம் அன்றைக்கென்று கைவிட்டது.

ஒளிரும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோட்டில் வாகனங்கள் நின்றே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையோடு காலை வைத்தார். கார்கள் ஹாரன் அடித்துப் பறந்தன. காய்கறி லோரி ஒன்று வந்தபோது மகதலேனா அவர் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"சட்டம் நம்ம பக்கம் இருக்கு."

"இருக்கட்டும். லோரியும் நம்ம பக்கந்தான் வருது."

கிளாரன்ஸ் அசரவில்லை. குடையை ஆட்டிப் பார்த்தார். ஒரு டாக்சி மட்டும் நின்று, எங்கே போகவேண்டும் என்று விசாரித்தது.

கால்மணி நேரம் கழித்து மகதலேனா முன்னால் வந்தார். பக்கத்தில் வந்த வண்டிகளைப் போகவிட்டு, தூரத்து லோரிக்காரர் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சக்கரம் முழுசாக நின்ற பிறகே கிளாரன்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். பாதியில் நின்று, லோரிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு போயிற்று. அதை அனுப்பிவிட்டுத்தான் அக்கரை சேர்ந்தார்கள்.

"ஆன்டி, அங்கிள் கைய விட்டுடாதீங்க லா" என்று லோரிக்காரர் குரல் கொடுத்தார்.

பாசாரில் மகதலேனா நிதானமாக வாங்கினார். பத்துக் கிலோ அரிசி, ஒரு முழுப் பூசணிக்காய், ஆறு தேங்காய். எல்லாம் கிளாரன்ஸ் கைக்கு வந்தன. திரும்பும் வழியில் வியர்வை கண்ணில் இறங்க, அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"உனக்குத்தான் என்னைவிட நல்லாவே கடக்கத் தெரியுது. நாளையிலிருந்து நீயே போயிட்டு வாயேன்."

"அது எப்படிங்க? நீங்க சொன்ன சொல்லு மாறக்கூடாதுல்ல. ரோட்ட நான் பாத்துக்கறேன், பையை நீங்க பாத்துக்குங்க."

கிளாரன்ஸ் பூசணிக்காயைத் தோள் மாற்றினார். மகதலேனா அவர் முழங்கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டார்.

"முதல் நாளாச்சேன்னுதான் இன்னைக்குக் கொஞ்சமா வாங்கினேன்."